தபால் சுமந்த அந்துப்பூச்சி

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை நோக்கிப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று நிலையங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகின்றன. திரிசூலம் வந்ததும் பெட்டியில் இருக்கும் சிறுவர்கள் எல்லாரும் சன்னல் பக்கம் சாய்கிறார்கள். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அங்கேதான் மிகப் பெரிய விமானங்கள் தலைக்கு மேல் தாழப் பறந்து, மீனம்பாக்கத்து ஓடுபாதையில் இறங்குகின்றன. நூற்றுக்கணக்கான பயணிகளையும் டன் கணக்கில் சரக்கையும் சுமந்து வரும் இந்த ராட்சதப் பறவைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு, இதே வட்டாரத்தில் முதன்முதலாகக் காலந்தவறாமல் வந்து இறங்கிய தபால் விமானம் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்வதுகூடக் கடினம்.

அது ஒரு பொம்மை போன்ற விமானம். ஒரே ஒரு எஞ்சின். உள்ளே விமானியையும் சேர்த்து இரண்டு அல்லது மூன்று பேருக்குத்தான் இடம். எரிபொருள் இல்லாமல் அதை நிறுத்துப் பார்த்தால் 574 கிலோதான் இருக்கும். அதன் பெயர் 'புஸ் மாத்'. அதாவது ஒருவகை அந்துப்பூச்சி! 1932-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இந்த அந்துப்பூச்சி கராச்சியிலிருந்து சென்னைக்குத் தபால் சுமந்து வந்தது. அந்தச் சிறு பயணத்திலிருந்துதான் நம் நாட்டு விமானப் போக்குவரத்து வளர்ந்தது. இத்தனை பெரிய நாட்டில் இத்தனை சிறிய விமானத்தை நம்பி ஏன் இறங்கினார்கள்? அதை நம்பியது சரிதானா? வாருங்கள், பார்ப்போம்.

கராச்சியில் நின்றுபோன கடிதங்கள்

விமானத்தில் தபால் அனுப்புவது 1932-இல் புதிய எண்ணம் அல்ல. உலகிலேயே அதிகாரப்பூர்வமான முதல் விமானத் தபால் பறந்தது நம் நாட்டில்தான். 1911 பிப்ரவரி 18 அன்று ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சு இளைஞர், சுமார் 6,500 கடிதங்களை ஏற்றிக்கொண்டு அலகாபாத்திலிருந்து யமுனையைக் கடந்து நைனியில் இறங்கினார். தூரம் சுமார் 10 கிலோ மீட்டர்தான்.

நம் சென்னைப் பக்கமும் இதில் பின்தங்கி இருக்கவில்லை. அதற்கு ஓராண்டு முன்பே, 1910-இல், மவுண்ட் ரோட்டில் உணவு விடுதி நடத்திவந்த டி ஆஞ்செலிஸ் என்பவர் தாமே ஒரு விமானத்தைக் கட்டுவித்துப் பல்லாவரத்தில் பறக்கவிட்டுப் பார்த்தார். நீங்கள் ரயிலில் கடந்து வந்த அதே பல்லாவரந்தான்!

ஆனால் வேடிக்கை காட்டுவது வேறு, வாராவாரம் குறித்த நேரத்தில் பறந்து காட்டுவது வேறு. முதல் உலகப் போர் 1918-இல் முடிந்த பிறகுதான் விமானம் போக்குவரத்துச் சாதனமாக மாறத் தொடங்கியது. பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் 1929 மார்ச் 30 அன்று லண்டனிலிருந்து இந்தியாவுக்கு விமானத் தபால் சேவையைத் தொடங்கியது. சுமார் ஒரு வாரத்தில் கடிதங்கள் கராச்சிக்கு வந்து சேர்ந்தன. கப்பலில் வருவதோடு ஒப்பிட்டால் இது பெரிய லாபம்.

ஆனால் அங்கேதான் சிக்கல். கடல்களையும் பாலைவனங்களையும் பறந்து கடந்து வந்த கடிதம், கராச்சியில் தரை இறங்கியதும் ரயில் ஏறியது. பம்பாய்க்கும் சென்னைக்கும் வரவேண்டிய கடிதங்கள் ஆகாயத்தில் மிச்சம் பிடித்த நாட்களில் ஒரு பகுதியை ரயில் பயணத்தில் இழந்தன. முயலின் வேகத்தில் வந்த செய்தி கடைசி மைல்களில் ஆமையாயிற்று.

இந்த இடைவெளியை நிரப்பலாம் என்று கண்டவர் நெவில் வின்ட்சென்ட். பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றிய இவர், 1929-இல் இந்தியாவுக்கு வந்து ஊர் ஊராகப் பறந்து மக்களுக்கு விமானச் சவாரி காட்டியவர். எந்த ஊரில் திடல் உண்டு, எந்த மலைக்கு மேல் காற்று முரண்டு பிடிக்கும் என்பதை நேரில் அறிந்தவர். தம் திட்டத்தை அவர் ஜே.ஆர்.டி. டாட்டாவிடம் கொண்டுபோனார். இந்தியாவில் தேர்வெழுதி விமானி உரிமம் பெற்றவர்களில் முதல்வர் ஜே.ஆர்.டி. டாட்டா. அந்த உரிமத்தின் தேதி 1929 பிப்ரவரி 10.

டாட்டா நிறுவனத்தின் அன்றைய தலைவர் சர் தோராப்ஜி டாட்டா முதலில் தயங்கினார். பின்பு 2 இலட்சம் ரூபாய் முதலீட்டுக்கு இசைந்தார். அரசாங்கத்திடம் மானியம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. மானியமே வேண்டாம், சுமக்கும் தபாலின் எடைக்கு ஏற்பக் கட்டணம் கொடுத்தால் போதும் என்று இறங்கி வந்த பிறகே, 1932 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

இப்போது உங்களுக்கு ஒன்று விளங்கும். வருமானம் கடித எடையில் மட்டுமே. நட்டம் வந்தால் ஈடு செய்ய யாரும் இல்லை. இந்த நிலையில் பெரிய விமானம் வாங்குவது ஒற்றை மூட்டை நெல்லை ஏற்ற லாரி பிடிப்பது போல. செலவு குறைந்த, பழுது பார்க்க எளிதான, எந்தத் திடலிலும் இறங்கக்கூடிய சிறிய விமானந்தான் தேவைப்பட்டது.

பூச்சியின் உடற்கூறு

இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் நிறுவனத் தலைவர் ஜெப்ரி டி ஹாவிலண்டுக்குப் பூச்சிகளைப் பற்றிய ஆராய்ச்சியில் ஆர்வம் அதிகம். 1925-இல் அவர் செய்த சிறு விமானத்தின் இறக்கைகளைப் பின்னோக்கி மடித்துக் கொட்டகைக்குள் தள்ளிவிடலாம். இறக்கை மடித்து உட்காரும் பூச்சியை நினைத்து அதற்கு 'மாத்' என்று பெயரிட்டார். பிறகு வந்த குடும்பம் முழுவதற்கும் அந்துப்பூச்சிப் பெயர்களே நிலைத்துவிட்டன: ஜிப்சி மாத், புஸ் மாத், லெப்பர்டு மாத், டைகர் மாத்.

புஸ் மாத் முதன்முதலாகப் பறந்தது 1929 செப்டம்பரில். அதற்கு முந்திய மாத் விமானங்களில் மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கைகள் இருக்கும். விமானி திறந்த குழிக்குள் அமர்ந்து, காற்றும் மழையும் முகத்தில் அறைய ஓட்ட வேண்டும். புஸ் மாத்தில் ஒரே அடுக்கு இறக்கைதான், அதுவும் தலைக்கு மேலே. அதன் கீழே மூடிய அறை, கண்ணாடிச் சன்னல்கள், சாதாரண உடையோடு ஏறி உட்காரக்கூடிய இருக்கைகள். பறக்கும் மோட்டார் கார் என்றே அதைச் சொல்லலாம்.

அதன் அளவுகளைப் பாருங்கள். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை சுமார் 11 மீட்டர். நீளம் சுமார் 7.6 மீட்டர். உடற்பகுதி எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த கூடு. இறக்கை மரச்சட்டம். அதன்மேல் துணி போர்த்தி, துணி விறைப்பாக நிற்க அரக்குப் போன்ற ஒரு கரைசல் பூசப்பட்டிருக்கும். முன்னால் 120 குதிரைத் திறன் கொண்ட 'ஜிப்சி' எஞ்சின். இன்றைய ஒரு நடுத்தர மோட்டார் காரின் திறனை ஒட்டியதுதான்.

அந்த எஞ்சினில் ஒரு விசித்திரம் உண்டு. அதைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தார்கள்! நான்கு சிலிண்டர்களும் வௌவால் போலக் கீழ்நோக்கித் தொங்கின. ஏன்? எஞ்சின் நிமிர்ந்து நின்றால் அதன் தலைப்பகுதி விமானியின் கண்ணை மறைக்கும். தலைகீழாகத் தொங்கவிட்டால் முன்பார்வை திறந்துகொள்ளும். விசிறி சுழலும் அச்சும் உயரத்தில் அமைவதால் அது தரையில் இடிக்காது. குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது. ஓடும் காற்றே சிலிண்டர்களைக் குளிர்வித்தது. தண்ணீர்த் தொட்டியும் குழாய்களும் இல்லாததால் எடையும் மிச்சம், ஒழுகல் கவலையும் இல்லை.

இன்னொரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். இந்த விமானம் காற்றில் வழுக்கிக்கொண்டு போகும்படி அமைந்ததால், இறங்கும்போது வேகம் எளிதில் குறையாது. ஆகவே சக்கரங்களைத் தாங்கும் கால்களின் தட்டையான உறைகளைக் குறுக்காகத் திருப்பும்படி அமைத்தார்கள். நேராக இருக்கும்போது கத்தி போலக் காற்றைக் கிழிக்கும் உறை, குறுக்காகத் திரும்பியதும் முறம் போலக் காற்றைத் தடுக்கும். சைக்கிளில் வேகமாகப் போகும்போது உள்ளங்கையைக் காற்றுக்கு எதிரே விரித்துப் பாருங்கள், இந்தத் தத்துவம் கையிலேயே தெரியும்.

இந்த விமானம் முழுச் சுமையோடு 930 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. வெற்று எடை 574 கிலோ போக எஞ்சுவது 356 கிலோ. இதில் நூறு கிலோவுக்கு மேல் பெட்ரோலுக்கும் எண்ணெய்க்கும் போய்விடும். விமானியின் எடையையும் கழித்தால், பயணிக்கும் தபாலுக்கும் மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றரைக் குவிண்டால்தான். மேலும் ஒரு பயணியை ஏற்றினால் தபால் குறையும், தபாலைக் கூட்டினால் பெட்ரோல் குறையும். ஒரு விமானப் பயணத்தின் கணக்கு இன்றைக்கும் இந்தக் கூட்டல் கழித்தலில்தான் தொடங்குகிறது.

அக்டோபர் 15

1932 அக்டோபர் 15, சனிக்கிழமை. அதிகாலையில் கராச்சி டிரிக் ரோடு விமானத் திடலிலிருந்து ஜே.ஆர்.டி. டாட்டா புஸ் மாத் விமானத்தைக் கிளப்பினார். அப்போது அவருக்கு வயது 28. சுமை சுமார் 25 கிலோ தபால். கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஒரே மூச்சில் பறக்கப் பெட்ரோல் போதாது. ஆகவே வழியில் அகமதாபாத்தில் இறங்கினார். அங்கே விமானத்துக்குப் பெட்ரோல் எதில் வந்தது தெரியுமா? மாட்டு வண்டியில்! தகர டின்களில் வந்த எரிபொருளை ஊற்றிக்கொண்டு மீண்டும் கிளம்பி, பிற்பகல் 2 மணிக்குச் சற்று முன்னதாகப் பம்பாய் ஜூகு திடலில் இறங்கினார்.

அங்கிருந்து தெற்கே வரும் பொறுப்பு வின்ட்சென்ட்டுடையது. சென்னைக்கான தபாலோடு கிளம்பிய அவர் பெல்லாரியில் இரவு தங்கினார். மறுநாள் அக்டோபர் 16 அன்று தபால் சென்னைக்கு வந்து சேர்ந்தது.

ஏன் பெல்லாரியில் தங்க வேண்டும்? பறக்கும் தூரத்தைத் தோராயமாகப் பார்ப்போம். கராச்சி – அகமதாபாத் 600 கிலோ மீட்டர், அகமதாபாத் – பம்பாய் 440, பம்பாய் – பெல்லாரி 620, பெல்லாரி – சென்னை 430. மொத்தம் ஏறக்குறைய 2,100 கிலோ மீட்டர். மணிக்கு 170 கிலோ மீட்டர் வேகத்தில் பறந்தால் 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இறங்கி ஏறும் நேரம் தனி. பகல் வெளிச்சம் அதற்குள் முடிந்துவிடும். இருட்டில் பறக்கக் கலங்கரை விளக்கும் கிடையாது, ஓடுபாதை விளக்கும் கிடையாது.

அந்த நாளின் சென்னைப் புறநகரையும் சற்று நினைத்துப் பாருங்கள். கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது (1931). மீனம்பாக்கமும் பல்லாவரமும் வயல்களும் ஏரிகளும் சூழ்ந்த சிற்றூர்கள். வானிலிருந்து வரும் விமானிக்குப் பரங்கிமலையும் திரிசூலம், பல்லாவரத்துக் குன்றுகளும் தொலைவிலிருந்தே கண்ணில் படும் அடையாளங்கள். அவற்றுக்கு நடுவே கோடு போட்டாற்போல ஓடும் தண்டவாளம், அதற்கும் கிழக்கே கடலின் நீலப் பட்டை. இந்த மூன்றையும் கண்டுவிட்டால் வழி தவறவில்லை என்று அவர் மூச்சு விடலாம். மலைகளுக்கு அடுத்தாற்போல் சமதரை விரிந்து கிடந்ததுதான் விமானத் திடலுக்கு இந்த வட்டாரத்தைப் பொருத்தமாக்கியது.

வழிகாட்டியது கண் ஒன்றே

இன்றைய விமானிக்கு ரேடியோ உண்டு, ராடார் உண்டு, செயற்கைக்கோள் வழிகாட்டி உண்டு. புஸ் மாத் விமானிக்கு இருந்தவை ஒரு திசைகாட்டி, உயரமானி, வேகமானி, மடியில் ஒரு வரைபடம், கையில் கடிகாரம். மற்றபடி கண்தான் துணை. ஆறுகளையும் ரயில் பாதைகளையும் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

திசைகாட்டி இருக்கும்போது வழி எப்படித் தவறும் என்று நீங்கள் கேட்கலாம். ஆற்றில் தோணி விடுபவரைக் கேளுங்கள். அவர் எதிர்க்கரைக்கு நேராகத் தோணியைத் திருப்பி ஓட்டினாலும், நீரோட்டம் அவரைப் பக்கவாட்டில் இழுத்துப் போய் வேறோர் இடத்தில் சேர்க்கும். விமானத்துக்கு நீரோட்டம் காற்று. மணிக்கு 20 கிலோ மீட்டர் வேகத்தில் பக்கக் காற்று அடித்தால், இரண்டு மணி நேரத்தில் விமானம் 40 கிலோ மீட்டர் தள்ளிப் போய்விடும். திசைகாட்டி மட்டும் சரியான திசையையே காட்டிக்கொண்டிருக்கும்!

எதிர்க் காற்றோ இன்னொரு விதத்தில் சோதிக்கும். பம்பாயிலிருந்து பெல்லாரிக்கு 620 கிலோ மீட்டர். மணிக்கு 170 கிலோ மீட்டர் வேகத்தில் சுமார் 3 மணி 40 நிமிடம். எதிரே 30 கிலோ மீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் தரையை ஒப்பிட்ட வேகம் 140 ஆகக் குறையும், பயணம் ஏறக்குறைய 4 மணி 25 நிமிடமாக நீளும். கூடுதலான அந்த முக்கால் மணிக்கும் பெட்ரோல் இருந்தாக வேண்டும். இருந்தால் ஊர் வந்து சேரும், இல்லாவிட்டால் ஏதாவது சோளக் கொல்லைதான்.

ஒரே எஞ்சின் என்பதால் அது நின்றுவிட்டால் வேறு கதி இல்லை. ஆனால் உடனே விமானம் கல்லைப் போல் விழுந்துவிடும் என்று எண்ண வேண்டாம். மூக்கைச் சற்றுத் தாழ்த்தினால், சரிவில் பெடல் போடாமல் உருளும் சைக்கிளைப் போல அது சறுக்கிக்கொண்டே இறங்கும். அந்தச் சில நிமிடங்களில் கீழே ஒரு சமதரையைக் கண்டுபிடிக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேலே அப்படி ஓர் இடம் எளிதில் கிடைக்குமா?

மழைக்காலம் இன்னொரு பூதம். ஜூகு திடல் கடலோரச் சேற்று நிலம். தென்மேற்குப் பருவமழை பெய்தால் அது நீரில் மூழ்கிவிடும். அந்த மாதங்களில் டாட்டா குழுவினர் தம் தளத்தைப் பூனாவுக்கு மாற்றிக்கொண்டார்கள். அங்கிருந்து கிளம்பினாலும் மலைமேல் படியும் மேகமும் மழைத்திரையும் அவர்களை விடவில்லை.

இத்தனைக்கும் நடுவே அவர்கள் சாதித்தது என்ன? முதல் ஓராண்டில் இந்தச் சேவையில் ஒரு தடவைகூடத் தபால் கராச்சியில் இணைப்பு விமானத்தைத் தவறவிடவில்லை. அரசாங்கத்தின் விமானப் போக்குவரத்துத் துறை தன் அறிக்கையில் இதைச் சிறப்பாகக் குறிப்பிட்டுப் பாராட்டியது. 1933-இல் இந்தச் சின்னஞ்சிறு விமானங்கள் 1,60,000 மைல் பறந்து, 155 பயணிகளையும் ஏறக்குறைய 10 டன் தபாலையும் சுமந்தன. மைலையும் பயணிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மனிதர்கள் இங்கே துணைச் சரக்குத்தான், கடிதமே முதல் பயணி!

முறிந்த இறக்கைகள்

இதுவரை படித்ததைக் கொண்டு புஸ் மாத் குறையே இல்லாத விமானம் என்று எண்ணிவிடாதீர்கள். அதற்கு ஒரு பயங்கரமான மறுபக்கம் இருந்தது.

1930 அக்டோபரில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு புஸ் மாத் பறந்துகொண்டிருக்கும்போதே இறக்கை முறிந்து விழுந்தது. விமானியின் தவறா, தயாரிப்பில் குறையா என்று வாதம் நடந்தது. அதற்கடுத்த சில ஆண்டுகளில் வேறு நாடுகளிலும் இதே போன்ற விபத்துகள் நடந்தன. ஆனால் அதே வகை விமானம் அதே காலத்தில் உலகப் புகழும் பெற்றுக்கொண்டிருந்தது! 1931-இல் ஏமி ஜான்சன் இதில் டோக்கியோ வரை பறந்தார். 1932 ஆகஸ்டில் ஜிம் மாலிசன் தன்னந்தனியாக இதில் அட்லாண்டிக்கைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தார். இவ்வளவு தூரம் தாங்கிய இறக்கை அங்கே மட்டும் ஏன் முறிய வேண்டும்? 1933 ஜனவரி 7 அன்று, புகழ்பெற்ற ஆஸ்திரேலிய விமானி பெர்ட் ஹிங்க்லர் தம் புஸ் மாத் விமானத்தோடு இத்தாலிய மலைகளில் விழுந்து மாண்டார். நம் கராச்சி – சென்னைத் தபால் சேவை தொடங்கி மூன்று மாதங்கூட ஆகாத நேரம் அது. இந்தப் புதிர் முழுதும் விடுபடாத காலத்தில்தான் நம் விமானிகளும் இதே விமானத்தில் வாராவாரம் தக்காணத்தின் வெப்பக் காற்றைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

வெயில் ஏறினால் தரை சூடாகும். சூடான தரைமேல் உள்ள காற்று லேசாகி மேலே எழும், பக்கத்தில் குளிர்ந்த காற்று கீழே இறங்கும். இவற்றினூடே போகும் விமானம், பள்ளமும் மேடுமான பாதையில் போகும் வண்டியைப் போலத் தூக்கிப் போடப்படும். மெதுவாகப் போகும் வண்டிக்கு அவ்வளவாக அடி விழாது. வேகமாகப் போனால் அச்சே முறியும். விமானத்துக்கும் அப்படித்தான்.

இங்கிலாந்தின் ஆராய்ச்சிக் கூடங்களில் விஞ்ஞானிகள் இந்தப் புதிரை எடுத்துக்கொண்டார்கள். சிறிய மாதிரிகளைச் செய்து காற்றுச் சுரங்கத்தில் வைத்தார்கள். காற்றுச் சுரங்கம் என்பது விமானத்தை அசையாமல் நிறுத்தி, காற்றை அதன்மேல் ஓடவிடும் ஒரு பெரிய குழாய். புஸ் மாத்தின் இறக்கையைக் கீழிருந்து சாய்வான தாங்குகோல்கள் தாங்கி நின்றன. வேகமும் காற்றின் குலுக்கலும் அளவுமீறிச் சேரும்போது இந்தத் தாங்கும் அமைப்புக்குப் போதிய விறைப்பு இல்லை என்பது தெரிந்தது.

வலிமையும் விறைப்பும் ஒன்றல்ல என்பதை இங்கே கவனியுங்கள். பனை மட்டை விசிறியைக் கையால் ஒடிப்பது கடினம். அதாவது அது வலிமையானது. ஆனால் ஓடும் ரயிலின் சன்னலுக்கு வெளியே அதை நீட்டினால் அது படபடவென்று அடித்துக்கொள்ளும். விறைப்புப் போதாததால் காற்று அதை வளைக்கிறது. வளைந்ததால் காற்றின் விசை மாறுகிறது. மாறிய விசை மறுபுறம் வளைக்கிறது. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளித் தள்ளி உயர்த்துவது போல, இந்த அதிர்வு தானாகவே வளர்ந்துகொண்டு போகும். அசையாமல் நிறுத்தி எடை ஏற்றிச் சோதிக்கும்போது தாங்குகிற பொருள், காற்றில் அதிரும்போது சில நொடிகளில் முறிந்துவிடக்கூடும்.

பரிகாரம் என்ன? கேட்டால் வியப்பீர்கள். தாங்குகோலுக்குக் கூடுதலாக ஒரு சிறு முட்டுக்கோல்! பந்தக்காலுக்குக் குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டினால் பந்தல் ஆடாமல் நிற்பதில்லையா, அதே போலத்தான். ஆனால் அந்தச் சிறு கோலை எங்கே, ஏன் வைக்க வேண்டும் என்று அறிவதற்குப் பல உயிர்களும் பல மாத ஆராய்ச்சியும் விலையாகத் தேவைப்பட்டன. இன்று எந்த விமானமும் பறக்க அனுமதி பெறுவதற்கு முன்பு, அதன் இறக்கை அதிர்வைச் சோதித்தே ஆகவேண்டும். அந்த விதிமுறைகளுக்குப் பின்னால் இப்படிப்பட்ட விபத்துகளின் பாடங்கள் இருக்கின்றன.

தெற்கே நீண்ட பாதை

இந்தச் சிறு விமானம் சென்னையோடு நின்றுவிடவில்லை. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோன்றிய மதராஸ் பிளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் டிண்டேல் பிஸ்கோ, 1935 நவம்பர் 27 அன்று சென்னையிலிருந்து ஒரு புஸ் மாத்தில் புறப்பட்டுக் கொழும்பை அடுத்த இரத்மலானையில் இறங்கினார். இலங்கையில் புதிதாக அமைத்த அந்த விமானத் திடலில் முதன்முதலாக இறங்கிய விமானம் அதுதான். இலங்கையின் முதல் விமான நிலையத்தைத் தொட்ட முதல் சக்கரம் நம் சென்னையிலிருந்து போனது என்பது நாம் நினைவில் வைக்கத்தக்க செய்தி.

அதே 1935 அக்டோபர் 29-இல் டாட்டா நிறுவனம் பம்பாயிலிருந்து கோவா, கண்ணனூர் வழியாகத் திருவனந்தபுரத்துக்குச் சேவை தொடங்கியது. அதிலும் ஒற்றை எஞ்சின் விமானமே பறந்தது. 1938 பிப்ரவரியில் கராச்சி – சென்னைப் பாதை திருச்சி வழியாகக் கொழும்புவரை நீண்டது. தபாலின் அளவு பெருகப் பெருகப் பல எஞ்சின்கள் கொண்ட பெரிய விமானங்கள் வந்தன. அந்துப்பூச்சியின் வேலை முடிந்தது.

பிறகு நடந்தது நாடறிந்த கதை. டாட்டா ஏர்லைன்ஸ் 1946-இல் ஏர் இந்தியா ஆயிற்று, 1953-இல் நாட்டுடைமையாயிற்று, 2022 ஜனவரியில் மீண்டும் டாட்டா குழுமத்திடம் வந்தது. திட்டத்தின் மூலவரான வின்ட்சென்ட் இந்த வளர்ச்சியைக் காணவில்லை. 1942-இல், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், விமானப் பயணம் ஒன்றின்போது அவர் உயிரிழந்தார். ஜே.ஆர்.டி. டாட்டாவோ, முதல் பயணத்தின் பொன்விழாவான 1982 அக்டோபர் 15 அன்று, தமது 78-ஆம் வயதில், புஸ் மாத்தின் தம்பியான லெப்பர்டு மாத் விமானத்தைத் தாமே ஓட்டிக் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு மீண்டும் பறந்து காட்டினார்.

ஒற்றை எஞ்சின் விமானங்கள் அதனால் மறைந்துவிட்டன என்று எண்ண வேண்டாம். மாத் குடும்பத்தின் டைகர் மாத்தில்தான் நம் நாட்டு விமானிகளில் ஒரு தலைமுறையே பறக்கப் பழகியது. இந்தியாவில் வடிவமைத்து 1951-இல் முதன்முதல் பறந்த எச்.டி.-2 பயிற்சி விமானமும் ஒற்றை எஞ்சின் கொண்டதே. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் 1954 முதல் விமானப் பயிற்சி ஆசிரியர்களுக்கான பள்ளி இயங்கி வருகிறது. பறக்கக் கற்றுக்கொடுப்பவர்கள் தாமே கற்றுக்கொள்ளும் இடம் அது. காற்று எவ்வளவு தள்ளும், பெட்ரோல் எவ்வளவு தாங்கும், எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவது என்ற அதே மூன்று கேள்விகள் அங்கும் முதல் பாடத்திலேயே வந்து நிற்கும்.

எனவே அடுத்த முறை மின்சார ரயிலில் திரிசூலத்தைக் கடக்கும்போது, தலைக்கு மேல் வரும் பெரிய விமானத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி அந்தக் குன்றுகளையும் பாருங்கள். 1932-இல் களைத்த கண்களோடு வந்த ஒரு விமானி தேடிய அடையாளங்கள் அவை. அவரிடம் இருந்தது 120 குதிரைத் திறன், ஒரு திசைகாட்டி, முழுதும் தீராத ஓர் இறக்கைப் புதிர். பின்னால் ஒரு பை நிறையப் பிறருடைய கடிதங்கள். அவற்றை ஒரு நாளும் தாமதமாக்காமல் அவர்கள் கொண்டுவந்து சேர்த்தார்கள்.